குஞ்சுக்குப் பத்துப் புழு

வீட்டில் நாலைந்து நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மீல்வார்ம் புழு வளர்த்தால் தீவனச் செலவு மிச்சமாகுமா?" ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் கேட்டவருக்குப் பயன் இருக்காது. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம். புழுவை வளர்ப்பது எளிது. வளர்த்த புழுவை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் கோழியைப் பார்ப்போம். தோட்டத்தில் அவிழ்த்துவிட்ட கோழியைக் கால் மணி நேரம் நின்று கவனியுங்கள். இரண்டு காலாலும் மாறி மாறிச் சீய்க்கும். ஓர் அடி பின்னால் நகரும். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் தரையைப் பார்க்கும். பிறகு கொத்தும். எருக்குழி ஓரத்துப் புழு, கரையான், வெட்டுக்கிளி, புல் விதை, இளந்தளிர் என்று அது பொறுக்குவது பலவகை. காலையில் நாம் வீசும் கம்பும் சோளமும் அரிசிக் குருணையும் அதற்குத் தெம்பு தரும் மாவுச்சத்து. புரதத்தின் பெரும்பகுதியை அது தானே தேடிக்கொள்கிறது. தானியங்களில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பூச்சிகளில் நன்றாகவே இருக்கிறது. நாம் போடும் தீனியில் உள்ள குறையைக் கோழி தன் காலாலேயே சீய்த்துச் சரிசெய்துகொள்கிறது.

இன்று பல வீடுகளில் அந்த வாய்ப்பு கோழிக்கு இல்லை. மொட்டை மாடியில் கம்பிவலைக் கூண்டு, கீழே சிமென்ட் தரை. தோட்டம் இருந்தாலும் நாய்க்கும் கீரிக்கும் பயந்து அடைத்தே வைக்கிறோம். சீய்க்க மண் இல்லாத கோழிக்குப் பூச்சியை நாம்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. கோழிக்குஞ்சு வைத்திருக்கும் கிராமத்து வீடுகளில் கரையான் பானை உண்டு. பழைய மண்பானை ஒன்றில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, இற்றுப்போன ஓலை, மட்டை என்று கரையான் விரும்பும் நார்ப்பொருளைத் திணித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் காலையில் பானையை நிமிர்த்தினால் உள்ளே கரையான் மொய்த்துக் கிடக்கும். தரையில் தட்டிவிட்டால் குஞ்சுகள் ஒன்று விடாமல் பொறுக்கிவிடும். செலவே இல்லாத முறை. உங்கள் இடத்தில் மண்ணும் கரையானும் இருந்தால் மீல்வார்மைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் மாடியில் கரையான் பானை வைக்க முடியாது. மரக்கதவும் நிலையும் உள்ள வீட்டுச் சுவரோரம் கரையானை வரவழைப்பதும் நல்லதல்ல. மழை விடாத நாட்களில் பானை ஏமாற்றிவிடும். அப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் புழுப்பெட்டி பொருந்தும்.

மீல்வார்ம் மண்புழு இனம் அல்ல. கருவண்டு ஒன்றின் இளம்பருவம். டெனிப்ரியோ மோலிட்டர் என்று 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட பூச்சி. மாவும் தவிடும் சேமித்து வைக்கும் இடங்களில் வாழப் பழகியது, காய்ந்த இடத்தில் பிழைக்கத் தெரிந்தது. இந்தக் குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் வளர்ப்பு முறையில் பாதி தானாகவே புரிந்துவிடும். பெட்டி காய்ந்திருக்கும்வரை நாற்றம் இல்லை, ஈ இல்லை, பூஞ்சணம் இல்லை. ஈரம் ஏறினால் இவை மூன்றும் வந்துவிடும்.

அதன் வாழ்க்கையில் நான்கு பருவங்கள். தவிட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் முட்டை கண்ணுக்குச் சட்டென்று படாது. ஒன்றிரண்டு வாரத்தில் பொரிந்து நூல்துண்டு அளவில் புழு வெளிவரும். தோலை உரித்து உரித்து வளர்ந்து, இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள பொன்மஞ்சள் புழுவாக ஆவதற்கு எட்டு, பத்து வாரமாவது பிடிக்கும். அதன்பின் கூட்டுப்புழு. ஒன்று முதல் மூன்று வாரத்தில் அது வண்டாகும். வண்டு இரண்டு மூன்று மாதம் உயிரோடு இருக்கும். ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் 250 முட்டைக்குக் குறையாமல் இடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வளர்ப்பவர்கள் பயப்படும் இடம் கூட்டுப்புழுப் பருவம். நேற்றுவரை நெளிந்துகொண்டிருந்த புழு இன்று தவிட்டின் மேலே வளைந்து அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். தோல் பிளந்து பால்வெள்ளை நிறத்தில் வேறோர் உருவம் வெளிவரும். உற்றுப் பார்த்தால் மார்போடு மடிந்த கால்களும், பக்கத்தில் ஒட்டிய இறக்கை உறைகளும், கண் இருக்கும் இடமும் தெளிவாகத் தெரியும். அது தின்னாது, நடக்காது. விரலால் தொட்டால் மட்டும் வால்பக்கத்தைச் சட்டென்று சுழற்றும். சுழற்றினால் உயிரோடு இருக்கிறது. கருத்துப்போய், தொட்டும் அசையாமல் இருந்தால் எடுத்துப் போட்டுவிடலாம். அதிலிருந்து வரும் வண்டு முதலில் வெளுத்திருக்கும், பிறகு செம்பழுப்பாகும், சில நாட்களில் நன்றாகக் கருக்கும். வெளுத்த வண்டைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம்.

இனிப் பெட்டிக்கு வருவோம். உட்புறம் வழவழப்பான பிளாஸ்டிக் டப்பாக்கள் மூன்று போதும். ஒரு சாண் உயரம் இருந்தால் சரி. வழவழப்பான சுவரில் புழுவும் ஏறாது, வண்டும் ஏறாது. மரப்பெட்டியும் அட்டைப்பெட்டியும் வேண்டாம். தெர்மகோல் பெட்டி கூடவே கூடாது, இந்தப் புழு தெர்மகோலையே அரித்துத் தின்னும். அதைத் தின்ற புழுவைக் கோழிக்குக் கொடுப்பது நமக்கு வேண்டாத வேலை. மூடியின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுக் கொசுவலையை ஒட்டிக்கொண்டால் காற்றும் போகும், பல்லியும் நுழையாது. ஒரு டப்பா வண்டுக்கு, ஒன்று வளரும் புழுவுக்கு, ஒன்று கூட்டுப்புழுவுக்கு.

உள்ளே நிரப்ப மாட்டுத்தீவனக் கடையில் விற்கும் கோதுமைத் தவிடு நல்லது. அதுவே படுக்கை, அதுவே தீனி. அரிசித் தவிட்டில் எண்ணெய்ச் சத்து அதிகம், சீக்கிரம் சிக்கு வாடை வந்து கட்டிபிடிக்கும், அதனால் தவிர்த்துவிடுங்கள். வாங்கிய தவிட்டை அப்படியே கொட்டாமல் வாணலியில் சூடேறும்வரை வறுத்து ஆறவைத்துப் போடுங்கள், அல்லது இரண்டு மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். தவிட்டோடு வந்த செள்ளும் அந்தும் அதில் ஒழிந்துவிடும். டப்பாவில் நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். புழு நெருங்கிக் கிடந்தால் அவற்றின் உடற்சூடே அடியில் தேங்கிவிடும்.

தண்ணீர் வைக்கக் கூடாது. கேரட்டையோ உருளைக்கிழங்கையோ கழுவித் துடைத்துத் தடிமனான துண்டாக நறுக்கி, சிறு அட்டைத்துண்டின் மேல் வைத்தால் அதுவே தண்ணீர். இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய துண்டை எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். கடையில் வாங்கிய கீரையில் மருந்து தெளித்திருந்தால் ஒரே இரவில் பெட்டி முழுவதும் போய்விடும், காய்த்துண்டு அதைவிடப் பாதுகாப்பானது.

முதல் புழுவை அலங்கார மீனும் வளர்ப்புப் பறவைகளும் விற்கும் கடைகளில் வாங்கலாம். வாங்கும்போது ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதே சாயலில் சூப்பர்வார்ம் என்று இன்னொன்றும் விற்பார்கள். அது ஐந்து சென்டிமீட்டர்வரை வளரும் வேறு இனம். கூட்டமாக இருக்கும்வரை அது கூட்டுப்புழுவாகவே மாறாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடைத்து வைத்தால்தான் மாறும். வீட்டு வளர்ப்புக்கு அது ஒத்துவராது. மீல்வார்ம் 200 அல்லது 300 வாங்கினால் தொடங்கிவிடலாம். அவற்றில் ஒன்றைக்கூடக் கோழிக்குப் போடாதீர்கள். அவை அத்தனையும் விதை.

புழு கூட்டுப்புழுவானதும் பொறுக்கித் தனி டப்பாவில் வையுங்கள், வண்டானதும் வண்டு டப்பாவுக்கு மாற்றுங்கள். பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. வண்டு முட்டையையும் தின்னும், அசைய முடியாத கூட்டுப்புழுவையும் தின்னும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டுகளை மட்டும் சலித்தெடுத்துப் புதுத் தவிட்டில் விட்டுவிட்டு, பழைய தவிட்டைத் தேதி எழுதி ஓரமாக வைத்துவிடுங்கள். பார்த்தால் அதில் ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் கழித்து அதன் மேற்பரப்பு லேசாக அசைவது தெரியும். அதுவரை அதைச் சலிக்கவோ கொட்டவோ கூடாது. பொறுமை இழந்து இந்தக் கட்டத்தில் கொட்டிவிட்டவர்கள்தான் "எனக்குப் புழு வரவே இல்லை" என்று சொல்பவர்களில் பலர்.

நாளாக ஆகத் தவிடு குறைந்து அடியில் பழுப்பு நிறத் தூள் சேரும். அது புழுவின் எச்சம். கையில் அள்ளினால் மணலைப் போல விரலிடுக்கில் சரியும். சரிந்தால் பெட்டி நலமாக இருக்கிறது. உருண்டையாகப் பிடித்தாலோ, உள்ளங்கையில் ஒட்டினாலோ ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம், அன்றே காய்த்துண்டை எடுத்துவிட்டுத் தவிட்டைக் காற்றாட விடுங்கள். புழு பெரிதான பிறகு மெல்லிய சல்லடையில் சலித்தால் தூள் கீழே போய்விடும், புழு மேலே நிற்கும். அந்தத் தூளை ரோஜாத் தொட்டிக்கும் கத்தரிச் செடிக்கும் உரமாகப் போடலாம்.

நம் ஊரில் இந்தப் புழுவுக்குப் பெரிய எதிரி வெயில். 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் அதற்கு இதமான வெப்பம். நமக்கோ சித்திரை வைகாசியில் 38, 40 சாதாரணம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் மாடி அறையிலும் வைத்த பெட்டி கோடையைத் தாண்டுவது கடினம். மாடிப்படியின் அடியிலோ, வீட்டிலேயே குளிர்ச்சியான தரைத்தள மூலையிலோ வையுங்கள். கடும் வெயில் நாட்களில் டப்பாவைச் சுற்றி ஈரச்சாக்கு போடலாம், ஆனால் ஈரம் உள்ளே இறங்கக் கூடாது. அடுத்த எதிரி எறும்பு. பெட்டி வைத்த மேசையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவிட்டால் எறும்பு வராது. எறும்புப்பொடியும் எறும்புச் சாக்பீஸும் எறும்பைக் கொல்வதுபோலவே புழுவையும் கொல்லும். அவற்றைப் பெட்டி இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தால் ஏறத்தாழ மூன்று நான்கு மாதத்தில் முதல் அறுவடை வரும். இப்போது முதலில் கேட்ட கேள்விக்குத் திரும்பலாம்.

வளர்ந்த புழு பத்து சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம். உயிருள்ள புழுவில் 60 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், 20 சதவீதம்போலப் புரதம், மீதியில் கொழுப்பு கணிசம். விளம்பரங்களில் 50 சதவீதப் புரதம் என்று போடுவது காயவைத்த புழுவுக்கு உரிய கணக்கு. ஆக, பத்துப் புழு கொடுத்தால் 0.2 கிராம் புரதம் கொடுத்திருக்கிறோம். முட்டையிடும் கோழி நாளைக்கு 100 கிராம் தீவனம் தின்னும், அதில் 16 சதவீதம் புரதம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அதன் தேவை 16 கிராம். பத்துப் புழு அந்தத் தேவையில் 80-இல் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கை எட்ட வேண்டுமானால் ஒரு கோழிக்கு 80 புழு, பத்துக் கோழிக்கு 800, மாதத்துக்கு 24,000. இது மூன்று டப்பாவில் நடக்கும் காரியமல்ல. பெரிய கோழிகளுக்குப் புழு போட்டுத் தீவனச் செலவைக் குறைக்கலாம் என்பது கணக்கில் நிற்கவில்லை.

அதே பத்துப் புழுவைக் குஞ்சுக்குக் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது வாரத்தில் இருக்கும் குஞ்சு நாளைக்குப் பத்து கிராம் தீவனம் தின்கிறது, அதில் 20 சதவீதம் புரதம் வேண்டும் என்றால் தேவை 2 கிராம். பத்துப் புழு அதில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. குருணையும் கம்பும் மட்டுமே தின்று வளரும் வீட்டுக் குஞ்சுக்கு உடலும் இறகும் கட்டும் வயதில் இது கண்ணுக்குத் தெரியும் உதவி. பத்துக் குஞ்சுக்கு நாளைக்கு 100 புழு, மாதத்துக்கு 3,000. இருநூறு வண்டு இருந்தால் பாதி பெண். நூறு பெண் வண்டு தலைக்கு 250 முட்டை இட்டு, பாதி வீணானாலும் மூன்று மாதத்தில் 12,500 புழு கிடைக்கும், மாதத்துக்கு நாலாயிரம். கோழிக்குப் போதாத அதே மூன்று டப்பா பத்துக் குஞ்சுக்குப் போதும்.

அதனால் என் முடிவு இது: புழுப்பெட்டி குஞ்சுகளுக்கு உரியது. இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு மாதம்வரை கொடுங்கள். தொடக்கத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு புழுவாகப் பொறுக்கிப் போடுங்கள், பெரிய புழுவை இரண்டாக நறுக்கியும் போடலாம். பக்கத்தில் சிறிது ஆற்றுமணலும் தண்ணீரும் இருக்கட்டும், இரைப்பையில் அரைபடக் கல் வேண்டும். புழு கொடுக்கிறோமே என்று குஞ்சுத் தீவனத்தைக் குறைத்துவிடாதீர்கள். குஞ்சுக்கு அடுத்தபடி, இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் கோழிக்கு ஒரு பிடி கொடுக்கலாம். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது, அந்த நாட்களில் கோழிக்குப் புரதத் தேவை கூடும். மற்றக் கோழிகளுக்குச் சாயங்காலம் கூண்டுக்குள் அழைக்க நாலு புழு வீசினால் போதும். அந்த டப்பாவின் ஓசைக்கே ஓடிவரப் பழகிக்கொள்ளும்.

புழுவில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் போகிறது. புழு போடுகிறோம் என்று கிளிஞ்சல் தூளை நிறுத்தினால் ஓடு மெலிந்துவிடும். நோயையும் புழு தடுக்காது. வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து மட்டும்தான் வழி. ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்தைப் போடாமல் புழு போட்டு வளர்த்த குஞ்சுகளை ஒரே வாரத்தில் மொத்தமாக இழக்க நேரிடலாம்.

கடைசியாகச் சுத்தம். கறிக்கோழிப் பண்ணைகளின் ஆழ்கூளத்தில் சிறிய கருவண்டும் அதன் புழுவும் ஏராளமாக இருக்கும். பார்வைக்கு மீல்வார்மின் தம்பி மாதிரி தெரிந்தாலும் அது வேறு இனம். எச்சத்தில் வாழ்வதால் சால்மோனெல்லா முதலிய நோய்க்கிருமிகளைச் சுமந்து திரியும். இலவசமாகக் கிடைக்கிறது என்று அதை அள்ளிவந்து குஞ்சுக்குப் போடாதீர்கள். கோழியின் நாடாப்புழுவும் வண்டுகளின் வழியாகப் பரவக்கூடியது. எச்சத்தோடு நாடாப்புழு முட்டையைத் தின்ற வண்டைக் கோழி கொத்தினால் கோழிக்கும் வந்துவிடும். ஆகவே உங்கள் பெட்டி கோழிக்கூண்டின் அடியில் இருக்கக் கூடாது, கோழி எச்சம் எந்த வழியிலும் பெட்டிக்குள் போகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் பூச்சிப் புரதத்தைக் கோழித் தீவனத்தில் சேர்க்க அனுமதி தந்தபோதும், சாணத்திலோ சமையலறைக் கழிவிலோ வளர்ந்த பூச்சி கூடாது என்ற கட்டுப்பாட்டை விடவில்லை. புழு தின்பதைக் கோழி தின்கிறது, கோழி தின்பதை நம் பிள்ளைகள் முட்டையாகத் தின்கிறார்கள். மிஞ்சிய குழம்பையும் சோற்றையும் பெட்டியில் கொட்டாமல் இருப்பதற்கு இந்தக் காரணம் போதும்.

இன்னும் ஒன்று. இது சேமித்த தானியத்தைத் தின்னும் பூச்சி. வண்டு அதிகமாகிவிட்டால் வெளியே விடாதீர்கள், கோழிக்கே போட்டுவிடுங்கள். அரிசி மூட்டையும் மாவு டின்னும் இருக்கும் அறையில் பெட்டியை வைக்காதீர்கள். இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பு தடிக்கிறவர்களுக்கு இந்தப் பூச்சியின் தூளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அவர்கள் முகத்தை மூடிக்கொண்டு சலிப்பது நல்லது.

ஆரம்பிக்கிறவர்கள் அடைக்கோழியை முட்டையில் உட்காரவைக்கும் நாளைக் கணக்கிட்டு, அதற்கு மூன்று மாதம் முன்பே பெட்டியைத் தொடங்குங்கள். 21 நாளில் குஞ்சு பொரிந்து, இரண்டாவது வாரம் எட்டும்போது புழுவும் தயாராக இருக்கும்.